நிழல் நிலம் - 6: சருகைக் கூட்டாதீர்கள்

போன வாரம் தோட்டத்து நிழலை வகை பிரித்தோம். புங்கமரத்தடியில் வெயில் புள்ளி புள்ளியாக இறங்கும். மாமரத்தடியில் உச்சிப்பொழுதிலும் இருட்டுக் கட்டி நிற்கும். இரண்டு இடத்திலும் புல் தேறாது. அந்த வெற்றுத் தரையில் என்ன நடலாம் என்று இந்த வாரம் பார்ப்போம்.

நர்சரியில் கேட்டால் முதலில் கைகாட்டுவது மணி பிளான்ட்டையும், மஞ்சள் பூ வைக்கும் வெடிலியாவையும்தான். மணி பிளான்ட்டுக்குச் சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள மொரேயா தீவு. வெடிலியா வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பிடித்தது. தரையை மூடுவதில் இரண்டுமே கெட்டி. மூடிய பிறகு வேறு செடியைத் தலையெடுக்க விடுவதில்லை.

இவற்றுக்கு மாற்றை நம் ஊர்க் காட்டிலேயே தேடலாம். நம் கீழைக் கடற்கரைக்கென்றே ஒரு காடு உண்டு. வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் 1968-இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று அதைத் தனி இனமாகவே வைத்தார்கள். இன்று அதில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயில்காடுகளில்தான். மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்திருக்கும் காடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீரை, காசான் மரங்கள் வருடம் முழுக்க இலையோடு நிற்கும் காடு அது. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வறட்சி. எனவே அங்கே தரையில் வளரும் செடிகள் இருட்டு, தாகம் இரண்டையும் தாங்கியாக வேண்டும். வீட்டு மரத்தடியும் அப்படித்தான். நாம் ஊற்றும் தண்ணீரில் பாதியை மரத்தின் வேரே குடித்துவிடும். நிழலை மட்டும் தாங்கும் செடியை அங்கே நட்டுப் பயனில்லை.

முதலில் மருள். கத்தி போன்ற தடித்த இலை, அதில் கரும்பச்சைப் பட்டைகள். இதன் நாரைத் திரித்து அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் செய்தார்கள். ஸ்னேக் பிளான்ட் என்று விலை கொடுத்து வாங்குகிறோமே, அது இதன் மேற்கு ஆப்பிரிக்க உறவு. மாமரத்து இருட்டிலும் மருள் நிற்கும். கிழங்கைத் துண்டுபோட்டு நட்டால் தானாகப் பரவும்.

அடுத்தது ஆடாதோடைக் குடும்பம். தலையில் சூடும் கனகாம்பரம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் சொந்த மண்ணாகக் கொண்டது. காட்டு மரங்களின் கீழே வளர்ந்த செடி. புங்கநிழலில் நன்றாகப் பூக்கும். முற்றிய காய் ஈரம் பட்டதும் வெடித்து விதையை வீசும். அடுத்த மழைக்கு நாற்று தானாக முளைத்திருக்கும். இதற்காக டெல்லி கனகாம்பரத்தை வாங்காதீர்கள். அது விதை கட்டாத மும்மடிய ரகம், பதியன் போட்டால்தான் பெருகும். நீலமும் பச்சையும் கலந்த பூ வைக்கும் நீலாம்பரி, நமக்கெல்லாம் தெரிந்த நிலவேம்பு ஆகியவையும் இதே குடும்பம்தான். பேன்சி (Pansy) வகை வண்ணத்துப்பூச்சிகள் பலவும் முட்டையிட இந்தக் குடும்பத்துச் செடிகளைத்தான் தேடி வரும்.

மூன்றாவது கொடிவேலி. வெள்ளைப் பூ, பூவின் அடிப்பகுதி பிசுபிசுவென்று துணியில் ஒட்டும். வேர்ச்சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும் என்பதால் குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம்.

இவை பெரும்பாலும் எல்லாக் காலத்திலும் பச்சையாக நிற்பவை. கோடையில் தூங்கும் செடிகளும் உண்டு. நிலப்பனை மழைக்குத் துளிர்த்து, பனங்கன்று போல இலை விட்டு, தரையை ஒட்டி மஞ்சள் பூ வைக்கும். வெயில் ஏறியதும் இலை காய்ந்து கிழங்காக அடங்கிவிடும். செத்துவிட்டது என்று தோண்டி எறிபவர்கள் அதிகம். நட்ட இடத்தில் அடையாளக் கல் ஒன்று வைத்துவிடுங்கள். பச்சைச் செடிகளுக்கு நடுவே இதை நட்டால் கோடையில் தரை மொட்டையாகத் தெரியாது.

புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். மண்வெட்டியால் கொத்தினால் மரத்தின் வேர் அறுபடும். வேர்களுக்கு இடையே களைக்கொத்தால் சிறுகுழி போதும். அடிக்கு ஒரு செடி. மேலே மண்ணைக் கொட்டி உயர்த்த வேண்டாம், வேருக்கு மூச்சு முட்டும். முதல் சித்திரை, வைகாசிக்கு மட்டும் வாரம் ஒரு தண்ணீர் விடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் துடைப்பத்தைத் தள்ளி வைப்பது. வாசலைப் பெருக்குவது நம் வழக்கம். மரத்தடியை அதோடு சேர்க்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மட்கி உரமாவதும், மழைத்துளி மண்ணை அரிக்காமல் தடுப்பதும் சருகுதான். நாலு விரற்கடை உயரம் கிடக்கட்டும். அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் மட்டும் விலக்கிவிடுங்கள். புங்க இலை சீக்கிரம் மட்கும். பசுந்தாள் உரமாக வயலுக்குப் போகும் இலைதானே அது. மா இலை தடிப்பு, பொடித்துப் போட்டால் நல்லது.

செடிக்காகக் கோயில்காட்டில் கை வைக்காதீர்கள். நிலப்பனைக் கிழங்கை மருந்துக்கென்று காட்டில் தோண்டுவது ஏற்கெனவே நடக்கிறது. மூலிகை நாற்றங்காலில் கேளுங்கள். மருளும் கனகாம்பரமும் பக்கத்து வீட்டு வேலியோரத்திலேயே கிடைக்கலாம்.

அடுத்த வாரம், வல்லாரையும் திப்பிலியும் கேட்கும் ஈர நிழல்: கிணற்றடி.

(தொடரும்)