தோள் வலியோடு ஷட்டில் ஆடலாமா?

எங்க ஊர் திருத்தங்கல்ல சாயங்காலம் ஷட்டில் ஆட வர்றவங்கள்ல பலர், பகலெல்லாம் அச்சகத்திலோ பட்டாசு ஆலையிலோ பண்டல் தூக்குறவங்க. தோள் போனா ஆட்டம் மட்டுமில்ல, கூலியும் போச்சு. எனக்கும் சில மாதங்களாக வலது தோளில் வலி. "ஒரு மாசம் ஆடாம இரு"ன்னு ஒரு கட்சி, "ஆட ஆட சரியாயிடும்"னு இன்னொரு கட்சி. தேடிப் படித்ததில், ரெண்டும் பாதிதான் சரி.

தோள்மூட்டு என்பது ஆழமில்லாத சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும் பெரிய உருண்டை. அதனாலதான் கை எல்லாப் பக்கமும் சுழலுது. உருண்டையை இடத்தில் பிடித்து வைப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள். ஸ்மாஷ் அடிச்சு முடிச்ச பிறகும் அவற்றுக்கு ஓய்வில்லை, பாய்ந்து போகும் கைக்கு பிரேக் போடுறதும் அவைதான். பழகியதைவிடச் சுமை கூடும்போது அவற்றின் தசைநாண்கள் வலிக்க ஆரம்பிக்கும்.

முழு ஓய்வில் வலி குறையும். ஆனால் சுமை தாங்கும் பலமும் குறையும். அதனாலதான் திரும்பி வந்த முதல் நாளே பலருக்கு வலி வந்துடுது.

சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் 2010 ஆசிய விளையாட்டில் டென்னிஸ் ஒற்றையர் தங்கம் வென்றவர். 2012-ல் தோள் காயத்தால் பல மாதங்கள் ஆடவில்லை. 2013-ல் மியாமியில் மூன்றாம் சுற்று வரை வந்து ஜோகோவிச்சோடு மோதினார். டென்னிஸே வேலையா இருந்தவருக்கே அவ்வளவு காலம் ஆச்சு. நமக்கு ரெண்டு வாரத்தில் சரியாகணும்னா எப்படி?

இப்போ நான் செய்றது இதுதான். ஸ்மாஷையும் தலைக்கு மேல் அடிக்கும் டாஸையும் நிறுத்திட்டு, டபுள்ஸில் நெட் பக்கம் நின்னு ட்ராப் ஆடுறேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ரப்பர் பேண்டை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சியை மெதுவாகக் கூட்டுறேன். ஆடும்போது லேசா வலிச்சாலும் மறுநாள் காலையில் அடங்கியிருந்தா சுமை சரி. கூடியிருந்தா குறைக்கணும்.

விழுந்த பிறகு கையைத் தூக்க முடியலை, ராத்திரி வலி தூங்க விடலை, சர்க்கரை இருந்து தோள் எல்லாப் பக்கமும் இறுகிட்டே வருது என்றால் டாக்டரைப் பாருங்க. இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தா அது இதயமா இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

தோளுக்கு வேலைச் சுமை, விளையாட்டுச் சுமைன்னு தனித்தனிக் கணக்கு கிடையாது. தீபாவளி லோடு ஏத்துற நாள்ல ஸ்மாஷ் வேண்டாம்.