அம்மாவின் சேலைக்கு அதே நிற நூல்

ஆனி மாதம் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சிலுசிலுவென்று வீசத் தொடங்கிவிட்டால், தென்காசி, குற்றாலத்து வீடுகளில் டிரங்குப் பெட்டிகள் திறக்கின்றன. பகலெல்லாம் பூந்தூறலாகச் சாரல். இரவிலோ கம்பளி போர்த்தினால் புழுங்கும். வெறும் துப்பட்டி போர்த்தினால் குளிரும். இந்த இரண்டுங்கெட்டான் குளிருக்கு நம் பாட்டிமார் ஒரு வழி வைத்திருந்தார்கள். நைந்த நூல் சேலைகள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நெடுக ஓட்டுத் தையல் போட்டு, மெத்தென்று ஒரு போர்வை செய்துவிடுவார்கள். வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். வட கன்னட ஜில்லாவில் சித்திப் பெண்கள் தைப்பது கவந்தி. மேல்நாட்டார் குவில்ட் என்கிறார்கள்.

கையால் தைத்தால் ஒரு போர்வைக்கு மாதக் கணக்கில் ஆகும். அதனாலேயே இன்று அம்மாவின் சேலைகள் பெட்டியிலேயே கிடந்து, மடிப்பு மடிப்பாக இற்றுப் போகின்றன. அடுத்த அறையில் கல்யாணத்துக்கு வந்த தையல் மெஷின் உறை போட்டபடி தூங்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன?

"மெஷினில் நேர்கோடுதானே தைக்க முடியும்?" என்று கேட்கலாம். தையல் வகுப்பில் எம்பிராய்டரி பழகிய சகோதரிகளுக்கு விடை தெரியும். தட்டுக்கு அடியிலிருந்து ரம்பம் போல் எட்டிப் பார்க்கும் பற்கள்தாம் துணியைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. அந்தப் பற்களை இறக்கிவிட்டால் துணி நம் கைக்கு வந்துவிடும். சில மெஷின்களில் இதற்கென்று ஒரு திருகு உண்டு. இல்லாதவற்றில் பற்களின் மேல் ஒரு தகட்டைப் பொருத்துவார்கள். பிறகு ஊசிதான் பேனா; துணிதான் காகிதம். என்ன ஒன்று, இங்கே பேனா நின்ற இடத்தில் நிற்கும், காகிதத்தை நாம் நகர்த்த வேண்டும்!

இப்படித் தைப்பது குவில்ட் கலையில் மதிப்புப் பெற நெடுநாளாயிற்று. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் ஆண்டுதோறும் பெரிய குவில்ட் போட்டி நடக்கிறது. 1989-ல் அங்கே முதல் பரிசு பெற்றது காரில் பிரையர் ஃபாலர்ட் என்ற பெண்மணி செய்த சூரிய கிரகணக் குவில்ட். துணிக்குத் தம் கையாலேயே சாயமேற்றி, மெஷினில் தைத்திருந்தார். மெஷின் தையலுக்கு அந்தப் போட்டியில் முதற்பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. பச்சைத் துணியில் மஞ்சள் நூல் எடுப்பாக இருக்கும் என்று ஆசைப்படாதீர்கள். வேறு நிற நூல், கை நடுங்கிய ஒவ்வொரு இடத்தையும் ஊருக்குச் சொல்லும். பத்து அங்குலம் தைத்துப் பார்த்து, "நமக்கு வராது" என்று மெஷினை மூடியவர்கள் எத்தனையோ பேர்! துணியின் நிறத்திலேயே நூலும் இருந்தால் கோடு கண்ணில் படாது. தைத்த இடம் பள்ளமாகவும் தைக்காத இடம் மேடாகவும் எழும்பி, நிழலும் ஒளியுமாக விளையாடுவதுதான் தெரியும். அழகும் அதுவே, புதுக் கைக்குப் பாதுகாப்பும் அதுவே. அடியில் பாபினுக்கும் அதே நூலைச் சுற்றிக்கொண்டால், இழுப்புச் சற்று முன்பின்னாக இருந்தாலும் புள்ளி புள்ளியாகத் தெரியாது.

நூலைப் பற்றிச் சொல்லும்போது நெல்லைச் சீமைக்கு ஒரு தனி உரிமை உண்டு. தென்காசியிலிருந்து தெற்கே கடையம், ஆழ்வார்குறிச்சி தாண்டி அம்பாசமுத்திரம் பக்கம் போனால் பாபநாசம். 1880-களில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள், தாமிரவருணி நீரின் விசையைக் கொண்டே அங்கே ஒரு நூற்பாலையை ஓட்டினார்கள். அது பின்னாளில் மதுரா மில்ஸோடு சேர்ந்தது. அந்த மில்லும் 1974-ல், தையல் நூலுக்குப் பேர்போன ஸ்காட்லாந்துக் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. குற்றாலத்துக்கு நீர் தரும் அதே மலைத் தொடர்தான் நூலும் நூற்றிருக்கிறது!

கடையில் நூல் வாங்கும்போது ரீலைத் துணியின் மேல் வைத்துப் பார்த்தால் போதாது. ஓர் இழையை உருவித் துணியின் மேல் கிடத்தி, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். ரீலில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் ஒற்றை இழையில் வெளுத்துக் காணும். இரண்டு நிறங்களுக்கு நடுவே சந்தேகம் வந்தால், கொஞ்சம் கறுத்ததையே எடுங்கள்.

வீட்டில் சாயம் போட்ட துணியாக இருந்தால் எந்த ரீலும் ஒத்து வராது. அதற்கு வழி, நூலையும் துணியோடு அதே தொட்டியில் போட்டுவிடுவது. வெள்ளை நூல் பருத்திதானா என்று முதலில் பாருங்கள். ஓர் இழையைக் கொளுத்தினால் பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். பருத்திக்குப் போடும் சாயத்தைப் பாலியெஸ்டர் ஏற்காது. நூலைத் தளர்வாகச் சிட்டமாகச் சுற்றி, சிக்காமல் நாலு இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.

1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாயம் இந்த வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. அடுப்பே வேண்டாம். வெளுத்த நூல் சேலையையும் நூல் சிட்டத்தையும் கஞ்சி போகத் துவைத்து, சலவைச் சோடா கரைத்த நீரில் அரை மணி ஊற வையுங்கள். ஆப்பச் சோடா உதவாது. பிறகு சாயத்தை ஊற்றி, 12 மணி முதல் 24 மணி நேரம் ஈரம் காயாமல் மூடி வையுங்கள். ஈரம் இருக்கும் வரைதான் சாயம் பஞ்சோடு பிணையும். சாரல் காலம் இதற்கு நல்ல துணை. கடைசியில் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். சாயப் பொடி மூச்சில் போகாமல் தூசி தடுக்கும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடவே வேண்டாம். சாயத் தண்ணீரை வாய்க்காலிலோ ஓடையிலோ கொட்டாதிருப்பது ஊருக்குச் செய்யும் உபகாரம்.

இனித் தைக்கலாம். நடு அடுக்குக்கு இலவம்பஞ்சு வேண்டாம்; வழுக்கி ஒரு மூலையில் சேர்ந்துவிடும். பழைய பருத்திப் போர்வையோ பிளானலோ போதும். மூன்று அடுக்கையும் பெரிய ஓட்டுத் தையலால் பிணைத்து, நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். துணியை அழுத்தும் சாதாரணக் காலைக் கழற்றி, ஸ்பிரிங் வைத்த எம்பிராய்டரிக் காலை மாட்டுங்கள். விரலுக்கும் அது காவல். காலை இறக்கும் நெம்பைத் தாழ்த்த மறந்தால் அடியில் நூல் பந்தாகச் சுருண்டுவிடும். மிதிப்பது ஒரே சீராக இருக்கட்டும். கை அவசரப்பட்டால் தையல் நீளும், தயங்கினால் ஒரே இடத்தில் குவியும். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் விழுந்தால் சரி.

என்ன டிசைன் போடுவது என்று புத்தகம் தேட வேண்டாம். புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து, எடுத்த இழையை விடாமல் போகும் சிக்குக் கோலம் விடியற்காலையில் உங்கள் விரலுக்குப் பழக்கமானதுதானே? ஊசியை நிறுத்தாமல் நெடுக ஓடும் தையலுக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடையாது.

முதலில் ஒரு தலையணை உறை அளவுக்குச் செய்து பாருங்கள். இற்றுப்போன சேலையைத் தனியே தூக்கினால் கிழியும். அடித்துணியோடு நெருக்கமாகத் தைத்துவிட்டால் அதன் பாரத்தை அடித்துணி சுமக்கும். சேலையின் முந்தியை மேல்பக்கம் வருமாறு வைத்துத் தையுங்கள். பேரன் பேத்திகள் அதைப் போர்த்திக்கொண்டு, "இது யார் சேலை?" என்று கேட்பார்கள். அப்போது சொல்ல உங்களுக்கு ஒரு கதை இருக்கும்.