காஞ்சியில் வாழ்ந்த இலங்கை இளவரசன்

பெங்களூரில் பிரேசர் டவுனுக்குப் புலிகேசி நகர் என்று பெயர் மாற்றியபோது, அங்கு வாழும் தமிழர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரையும் காஞ்சிபுரத்தையும் சேர்த்து நினைத்துப் பார்த்திருப்பார்கள்? நர்மதைக் கரையில் ஹர்ஷரைத் தடுத்து நிறுத்திய இரண்டாம் புலிகேசியைக் கன்னட மக்கள் கொண்டாடுவதில் வியப்பில்லை. நமக்கோ அவன் பெயரைக் கேட்டதும் 'வாதாபி கொண்ட' நரசிம்மவர்மப் பல்லவனும், படைத்தலைவர் பரஞ்சோதியும் நினைவுக்கு வருவார்கள். மூன்றாவதாக ஒருவன் இருந்தான். அவன் தமிழனும் அல்லன், கன்னடனும் அல்லன். நாடிழந்து வந்த சிங்கள இளவரசன். பெயர் மானவன்மன்.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஆனால் அவன் கற்பனைப் பாத்திரம் என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் தொடர்ச்சி (சூளவம்சம் என்பார்கள்) அவன் கதையை விரிவாகவே சொல்கிறது.

அவன் அநுராதபுரத்தை ஆண்ட இரண்டாம் காசியப்பனின் மகன். அரியணை பிறர் கைக்குப் போனபின், உயிர் பிழைக்கக் கடல் கடந்து காஞ்சிக்கு வந்து நரசிம்மவர்மனிடம் பணியில் அமர்ந்தான். மனைவி சங்கையும் உடன் வாழ்ந்தாள். நான்கு மகன்களும் நான்கு மகள்களும் நம் மண்ணிலேயே பிறந்தார்கள். ஒரு குடும்பம் முழுவதும் பல்லவ நாட்டில் வேரூன்றிவிட்டது என்றே சொல்லலாம்.

அந்நூலில் ஓர் இளநீர்க் கதை வருகிறது. நரசிம்மவர்மன் யானைமேல் இருந்தபடி இளநீர் குடித்துவிட்டு, மீதியை வேறொரு யானையில் இருந்த மானவன்மனிடம் கொடுத்தானாம். எச்சில்! அரச குலத்தவன் அதைத் தொடலாமா? நண்பன் கொடுத்ததில் என்ன குறை என்று எண்ணி அவன் குடிக்கத் தொடங்கினான். உடனே பல்லவன், அவன் குடித்து மிஞ்சியதைத் தானும் வாங்கிக் குடித்தான். அன்று முதல் உணவிலும் படுக்கையிலும் அணிகலனிலும் இருவருக்கும் வேற்றுமை இல்லை என்கிறது நூல். பிற்காலத்தார் மெருகூட்டிய கதையாக இருக்கலாம். ஆனாலும் அடைக்கலம் வந்தவன் மனத்தில் உறுத்தக்கூடிய ஒன்றை இவ்வளவு நுட்பமாகத் தொட்ட இடம் பழைய வரலாற்று நூல்களில் அரிது.

பின்னர் 'வல்லபன்' என்னும் அரசனோடு போர் வந்தது. நண்பனுக்கு ஏதேனும் நேர்ந்துவிடக்கூடாது என்று பல்லவன் அவனைக் காஞ்சியிலேயே விட்டுவிட்டுப் போனான். அவனோ, நண்பன் மாண்டபின் தான் வாழ்ந்து என்ன பயன் என்று தானாகவே பின்தொடர்ந்து போர்க்களம் சேர்ந்தான். இருவரும் சேர்ந்து வென்றார்கள்.

இந்த வல்லபன் யார்? புலிகேசி என்றே பலரும் எழுதிவிட்டார்கள். வல்லபன் என்பது சாளுக்கிய அரசர் எல்லோருக்கும் உரிய பட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். வாதாபி வீழ்ந்தது 642 அளவில். தந்தை இறந்தபின்பே மானவன்மன் வந்தான் என்றால் அந்தப் போருக்கு அவன் வந்திருப்பது கடினம். புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தனோடு நடந்த போராக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்வது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. கல்கி நாவலாசிரியர், அவருக்கு அந்தக் கவலை இல்லை.

நன்றிக் கடனாகப் பல்லவன் படை கொடுத்து அனுப்பினான். மானவன்மன் இலங்கையில் இறங்கி வென்றும் விட்டான். அந்த நேரம் பார்த்து, நரசிம்மவர்மன் நோயுற்றுக் கிடக்கிறான் என்ற செய்தி எட்டியது. பல்லவப் படை ஊர் திரும்பிவிட்டது! வந்த வழியே அவனும் காஞ்சிக்கு ஓட வேண்டியதாயிற்று. மறுபடியும் பல ஆண்டுக் காத்திருப்பு. தனக்காகவே உழைத்து நண்பன் முதுமை அடைகிறானே என்று மன்னன் வருந்தி, இரண்டாம் முறை படை திரட்டினான். வீரர்களோ கடல் கடக்கத் தயங்கினார்கள். மன்னன் தன் அரச அணிகளையும் முரசையும் நண்பனுக்கே கொடுத்துக் கப்பலேற்றினான். நம் அரசரே போகிறார் என்று நம்பிப் படை முழுவதும் ஏறிவிட்டதாம்.

இம்முறை அரியணை கிடைத்தது. ஆண்டு 684 என்று பொதுவாகக் கொள்வார்கள். நரசிம்மவர்மன் 668 அளவிலேயே மறைந்துவிட்டதால், கடைசிப் படையை அனுப்பியவர் அவருக்குப் பின்வந்த பல்லவராக இருக்க வேண்டும் என்பாரும் உண்டு. எப்படியாயினும் பல்லவர் இலங்கையை வென்றதைக் காசாக்குடிச் செப்பேடும் சொல்கிறது.

வேடிக்கை என்னவென்றால், எதிர்த்தரப்பில் அதிகாரம் முழுவதும் பொத்தகுட்டன் என்ற தமிழனின் கையில் இருந்தது. சிங்கள இளவரசன் தமிழ்ப் படையோடு வருகிறான். சிங்கள அரசனைத் தமிழன் காக்கிறான்! தோற்ற பொத்தகுட்டன் தன் நண்பனான ஒரு சிற்றரசனிடம் அடைக்கலம் புகுந்தான். நண்பனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாமல், புதிய அரசனைப் பகைக்கவும் முடியாமல் அந்தச் சிற்றரசன் நஞ்சு கலந்த பணியாரத்தைத் தின்றான். பொத்தகுட்டனும் அதையே தின்று உடன் மாண்டான்.

இத்தகைய வாழ்க்கை அக்கால உலகில் வேறிடங்களிலும் உண்டு. ஜெர்மானியத் துரிங்கிய அரசின் இளவரசன் அமலாபிரிதன் நாடிழந்து கான்ஸ்டாண்டிநோபிள் சேர்ந்து, ஜஸ்டினியன் பேரரசரின் தளபதியானான். ஆனால் தந்தையின் நாட்டை அவனுக்கு யாரும் மீட்டுத் தரவில்லை.

மானவன்மன் 35 ஆண்டுகள் ஆண்டான். அவன் வழியினர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இலங்கையை ஆண்டார்கள். மாத்தளைக்கு அருகே நாலந்தாவில் உள்ள கற்கோயிலைப் பார்ப்பவர்கள் மாமல்லபுரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த வழியில் வந்த ஐந்தாம் மகிந்தனை 1017 அளவில் இராசேந்திர சோழனின் படை சிறைப்பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுவந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் இங்கேயே இருந்து அவன் இறந்தான். அவனுக்கு இளநீரைப் பகிர்ந்துகொள்ள யாரும் இருக்கவில்லை.