பெயர்ப் பலகை இல்லாத இடம்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் கடலை ஒட்டிச் செல்கிறவனுக்குச் சர்க்கார் மதுக்கடை எங்கே என்று எவரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. பலகை இருக்கிறது, துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை முடிகிற நேரத்தில் ஜனக்கூட்டமும் இருக்கிறது. அதே வட்டாரத்தில் குடியை விட்டவர்கள் கூடும் அறையைத் தேடிப் பாருங்கள். அதற்குப் பலகை கிடையாது. தேடி வருகிறவனோ, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் போக வேண்டுமே என்று தவிப்பவன்.

மதுவை ஒழிக்க நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1921ல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கினார்கள். 1937 அக்டோபர் முதல் தேதியன்று ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் அது ராஜதானி முழுவதற்கும் பரவிற்று. 1971ல் தளர்ந்தது, பிறகு வந்தது, போயிற்று. 2003 முதல் சில்லறைக் கடையையும் சர்க்காரே நடத்துகிறது. சட்டத்தின் கதை இது. கை நடுங்க விடியற்காலையில் எழுந்திருப்பவனுக்குச் சட்டம் எதுவாயிருந்தாலும் அன்றைய பொழுதைக் கழிப்பதே பெரும்பாடு.

அப்படிப்பட்டவர்களுக்கென்று பிறந்த சங்கத்தின் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பெயரை வெளியிடாத குடிநோயாளிகள் என்று பொருள் கொள்ளலாம். அது பிறந்த விதம் விசித்திரமானது. 1935 மே மாதம் நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் எடுத்த காரியம் தோல்வியுற்று ஹோட்டலில் தனியே நின்றார். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. பக்கத்து அறையில் மதுச்சாலை. தம்மைக் காப்பாற்ற யாராவது வருவார்களா என்று அவர் தேடவில்லை. தாம் பேசி உதவக்கூடிய இன்னொரு குடியர் அகப்படுவாரா என்று பாதிரிமார்களுக்கு டெலிபோன் செய்தார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் ரண வைத்தியர். கால் மணி நேரத்துக்குமேல் இருக்க மாட்டேன் என்று நிபந்தனை போட்டு வந்தவர், ஆறு மணி நேரம் பேசிவிட்டுத்தான் எழுந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான் சங்கத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். உபதேசியார் சொல்லிக் கேளாதவன் உடன் விழுந்தவன் சொன்னால் கேட்கிறான்; ஆசிரியர் தொழிலில் இருபது வருஷம் கழித்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

அண்மையில் ஒரு மாலை, வெளியாரும் வரலாம் என்று வைத்திருந்த கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்தத் தெரு என்று எழுத மாட்டேன். பத்துப் பதினைந்து நாற்காலிகள், தேநீர், சுருக்கமான ஒரு பிரார்த்தனை. ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிக்கிறார். குறுக்கே யாரும் பேசுவதில்லை, புத்திமதியும் இல்லை. ஆயுள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்வதில்லை. இன்றைக்கு ஒரு நாள் குடியாதிருந்தால் போதும் என்கிறார்கள். கட்டணமில்லை, அங்கத்தினர் தம் கையிலுள்ளதைப் போடுவதே வரும்படி, வெளியார் நன்கொடை வேண்டியதில்லை. கடவுளைப் பற்றிய பேச்சு உண்டு. அவரவர் அறிந்த கடவுள் என்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

குடி மூட்டை தூக்குகிறவர்களின் வியாதி என்று நம் வீடுகளில் ஓர் அபிப்பிராயம் உண்டு. அன்று கப்பல்துறைத் தொழிலாளிக்கு அடுத்த நாற்காலியில் இஸ்திரி கலையாத சட்டையுடன் உத்தியோகஸ்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொழிலாளியின் குடி தெருவுக்குத் தெரிகிறது. நம்முடையதைக் கதவைச் சாத்தி மறைக்கிறோம். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அதை மறைக்காமல், 1980ல் சென்னையில் சிகிச்சை நிலையமே தொடங்கினார்.

இதனால் பயனுண்டா என்று கேட்பவர்களுக்கு: 2020ல் காக்ரேன் என்னும் ஆராய்ச்சி அமைப்பு இருபத்தேழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இந்தச் சங்கத்தின் வழியில் சேர்த்துவிடப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் ஒரு வருஷ முடிவில் குடியாதிருந்தனர்; மற்றச் சிகிச்சைகளில் 35 பேர். ஒன்று மட்டும் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்: நெடுங்காலம் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து வரலாம். முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். வடசென்னையாருக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி அருகிலேயே இருக்கிறது. 14446 என்ற இலவச டெலிபோன் எண்ணிலும் விசாரிக்கலாம். கூட்டம் எங்கே என்பதைச் சிகிச்சை நிலையங்களில் கேட்டால் சொல்வார்கள்.

வீட்டுப் பெண்களுக்கும் தனியே அல்-அனான் என்ற சங்கம் 1951 முதல் உண்டு. கணவனுக்காக ஆலைக்கு 'ஜுரம்' என்று சொல்லியனுப்புவதும், கடனை அடைப்பதும், பாட்டிலை ஒளிப்பதும் தங்கள் கடமையல்ல என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். கணவன் வராவிட்டாலும் மனைவி மட்டும் போகலாம்.

நான் போன அன்று ஒருவர் வாடையுடனேயே வந்து வாசலில் தயங்கினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. பின்வரிசையில் நாற்காலியைக் காட்டி, "இன்றைக்குக் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள், அண்ணே" என்று சொல்லி ஒரு டம்ளர் தேநீர் கொடுத்தார்கள்.