இரண்டு திரை, ஒரு சூதாட்டம்

2004-ல் நின்டெண்டோ டிஎஸ் கருவியைப் பார்த்த பல நிபுணர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அதுவோ 15 கோடிக்கு மேல் விற்றது. முதல் பார்வை எங்கே தவறியது?

கண்காட்சிகளில் கண்தான் நீதிபதி. 2004 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஈ3 வீடியோ கேம் கண்காட்சியில் அந்த நீதிபதிக்கு வேலை மிகச் சுலபம். ஒரு பக்கம் சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், சுருக்கமாக பிஎஸ்பி. கறுப்பில் பளபளக்கும் உடல், 4.3 அங்குல அகலத்திரை, விளையாட்டு, சினிமா, பாட்டு மூன்றுக்கும் ஒரே கருவி. மறு பக்கம் நின்டெண்டோவின் டிஎஸ். புத்தகம்போல மடிக்கலாம். திறந்தால் மேலும் கீழுமாக இரண்டு சிறு திரைகள். கீழ்த்திரையில் கோடு கிழிக்க ஒரு பிளாஸ்டிக் குச்சி. குரலைக் கேட்க ஒரு மைக். வெள்ளி நிறத்தில் தடியாக இருந்த அந்த மாதிரியைப் பார்த்தவர்களில் பலருக்கு எழுந்த கேள்வி ஒன்றே: எதற்கு இரண்டு திரை?

காகிதத்திலும் போட்டி ஒருதலைப்பட்சமாகத்தான் தெரிந்தது. பிஎஸ்பியின் மூளை 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. டிஎஸ்ஸின் முக்கிய பிராசஸர் 67 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. பிஎஸ்பியில் முழுநீள சினிமாவையே அடக்கும் 1.8 கிகாபைட் குறுந்தட்டு. டிஎஸ்ஸில் தபால் தலை அளவு அட்டை. பிளேஸ்டேஷனின் தந்தை என்று கருதப்படும் கென் குடராகி, பிஎஸ்பியை 21-ஆம் நூற்றாண்டின் வாக்மேன் என்றே வர்ணித்திருந்தார்.

கடைசிக் கோட்டை

நின்டெண்டோவுக்கு இது வெறும் ஒரு புதுப் பொருளின் அறிமுகம் அல்ல. வீட்டு டி.வி.யில் இணைத்து விளையாடும் கருவிகளில் அது சோனியிடம் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தது. 10 கோடிக்கு மேல் விற்ற முதல் பிளேஸ்டேஷனுக்கு எதிராக நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடிதான் விற்றது. அடுத்து வந்த கேம்கியூபின் கதை அதைவிட மோசம்: அதன் ஆயுள் முழுவதற்கும் சுமார் 2.2 கோடி. எஞ்சியிருந்த ஒரே கோட்டை, கேம் பாய் மூலம் 1989 முதல் கட்டி ஆண்ட கையடக்கச் சந்தை. இப்போது சோனி அதன் வாசலிலும் வந்து நின்றது.

1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் இது. அதை 1949 முதல் 2002 வரை ஆண்ட ஹிரோஷி யமவுச்சி, பதவியிலிருந்து இறங்கிய பிறகும் இரண்டு திரை வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். டிஎஸ் வென்றால் சொர்க்கத்துக்கு ஏறுவோம், தோற்றால் நரகத்தில் விழுவோம் என்ற பொருளில் அவர் பேசியது ஜப்பானியப் பத்திரிகைகளில் வந்தது. அவருக்குப் பின் தலைவரான சடோரு இவாடா காலத்தில் நிறுவனம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே நடந்துகொண்டது. டிஎஸ் என்பது கேம் பாய்க்கு வாரிசு அல்ல, 'மூன்றாவது தூண்' என்று அறிவித்தது. தூண் சரிந்தாலும் கேம் பாயின் பெயர் கெடாது அல்லவா?

பேட்டரி புகட்டிய பாடம்

கண்ணுக்கு அழகானது கையில் தோற்ற கதை இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 1989-ல் வந்த கேம் பாயின் திரை வெளிறிய பச்சை, பின்னொளி கிடையாது. அதே ஆண்டு வந்த அடாரி லிங்க்ஸும், 1990-ல் வந்த சேகா கேம் கியரும் வண்ணத்தில் ஜொலித்தன. ஆனால் இரண்டும் ஆறு பேட்டரிகளை விழுங்கிவிட்டுச் சில மணி நேரத்தில் கண்ணை மூடின. கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கியது, விலையும் குறைவு. பின்னர் வந்த வண்ண கேம் பாயையும் சேர்த்து 11.8 கோடிக்கு மேல் விற்றது.

அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த குன்பெய் யோகோய், சீட்டுக்கட்டு இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். பழகிப்போன மலிவான தொழில்நுட்பத்தை யாரும் நினைக்காத விதத்தில் பயன்படுத்து என்பது அவரது வேதம். 1982-ல் அவரது 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையில் வந்த டாங்கி காங் பொம்மையிலேயே மடிக்கும் உடலும் இரண்டு திரையும் இருந்தன. 1997-ல் சாலை விபத்தில் இறந்த யோகோய் டிஎஸ்ஸைப் பார்க்கவில்லை. ஆனால் அவரது கைரேகை அதில் இருந்தது.

நாய்க்குட்டியும் மனக்கணக்கும்

டிஎஸ் 2004 நவம்பர் 21-ல் அமெரிக்காவில் 150 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பிஎஸ்பி அங்கே வந்தபோது 2005 மார்ச். விலை 250 டாலர். முதல் சில மாதங்கள் சந்தேகப்பட்டவர்கள் பக்கமே இருந்தன. குச்சிக்கும் இரண்டாவது திரைக்கும் தகுந்த விளையாட்டுகள் குறைவு.

திருப்பம் ஜப்பானில் வந்தது. 2005 ஏப்ரலில் வந்த 'நின்டெண்டாக்ஸ்' விளையாட்டில் எதிரி இல்லை. திரையில் ஒரு நாய்க்குட்டி. மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும். குச்சியால் தடவினால் குழையும். அடுத்த மாதமே இன்னொரு விசித்திரம். தோஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர் ரியூடா கவாஷிமாவின் நூலைத் தழுவிய மூளைப் பயிற்சி. கருவியைப் புத்தகம்போலப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, கூட்டல் கழித்தல் விடைகளைக் குச்சியால் எழுத வேண்டும். கடைசியில் உங்கள் மூளையின் வயது என்ன என்று சொல்லும். அந்தப் பயிற்சியால் மூளை உண்மையிலேயே கூர்மையாகுமா என்பதில் விஞ்ஞானிகளிடையே சர்ச்சை உண்டு. ஆனால் விற்பனையில் சர்ச்சை இல்லை: 1.9 கோடி.

வாங்கியவர்கள் யார்? வீடியோ கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காத இல்லத்தரசிகள், ஓய்வுபெற்ற தாத்தாக்கள், பள்ளிச் சிறுமிகள். பத்துப் பொத்தான்களைக் கண்டு மிரண்டவர்களுக்குக் குச்சி பிடிப்பது பேனா பிடிப்பதுபோல் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கில் நடந்த பிசகு இதுதான். அங்கே கூடியிருந்தவர்கள் தொழில்துறையினர், பத்திரிகையாளர்கள், ஏற்கனவே விளையாட்டில் ஊறியவர்கள். அவர்களுக்குப் பிடித்ததை அவர்கள் சரியாகவே கணித்தார்கள். வரிசையில் நிற்காத கூட்டம் அவர்கள் கண்ணில் படவில்லை.

பிஎஸ்பி ஒன்றும் தோற்றுவிடவில்லை. சுமார் 8 கோடி விற்றது; ஜப்பானில் 'மான்ஸ்டர் ஹன்டர்' விளையாட்டு அதைக் கொடிகட்டிப் பறக்க வைத்தது. ஆனால் அதன் குறுந்தட்டில் சினிமா பார்க்கும் கனவு நீடிக்கவில்லை. டிஎஸ்ஸின் கணக்கு 15.4 கோடியில் முடிந்தது.

மறுபடியும் தவறிய கணிப்பு

வென்றவர்களுக்கும் அதே பாடம் காத்திருந்தது. 2010 ஈ3-ல் நின்டெண்டோ 3டிஎஸ்ஸைக் காட்டியது. கண்ணாடி அணியாமலே முப்பரிமாணம்! இந்த முறை அரங்கம் சொக்கிப்போனது. 2011-ல் 250 டாலருக்குக் கடைக்கு வந்ததும் உற்சாகம் வடிந்தது. அதே ஆகஸ்டில் விலை 170 டாலராக வெட்டப்பட்டது. இவாடா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். நாய்க்குட்டி வளர்த்த, மனக்கணக்குப் போட்ட அதே கூட்டத்தின் கைகளில் இதற்குள் ஸ்மார்ட்ஃபோன் ஏறியிருந்தது. தொடுதிரையை அவர்களில் பலருக்குப் பழக்கிய நிறுவனமே, தொடுதிரையால் அடிவாங்கியது.

2017-ல் வந்த ஸ்விட்ச் மூலம் நின்டெண்டோ மறுபடி தலைநிமிர்ந்தது. அதுவும் 15 கோடியைத் தாண்டியது. 2015-ல் காலமான இவாடா அதைப் பார்க்கவில்லை. 2023 டிசம்பரில் ஈ3 கண்காட்சிக்கே மூடுவிழா நடந்தது. 2025 ஜனவரியில் ஸ்விட்ச் 2 அறிவிக்கப்பட்டபோது அரங்கமும் இல்லை, வரிசையும் இல்லை. இணையத்தில் ஒரு சின்ன வீடியோ, அவ்வளவுதான். அடுத்த நிமிடமே உலகம் முழுக்கத் தீர்ப்புகள் வந்து குவிந்தன.

தீர்ப்புச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் கருவியைக் கையில் எடுக்காத தாத்தாவிடம் இன்னும் யாரும் கருத்துக் கேட்பதில்லை.