புங்குடுதீவு வழக்கில் விடுதலையான இருவர்

2015ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, பாடசாலைக்குப் புறப்பட்ட புங்குடுதீவு மாணவி ஒருவர் வழியிலே கடத்தப்பட்டு, வன்புணர்வுக்குட்படுத்தப்பட்டுக் கொலையுண்ட கொடுமை, தீவகத்தை மாத்திரமன்றி, போர் ஓய்ந்து ஆறாண்டுகளே கழிந்திருந்த வடமாகாணம் முழுவதையும் கொதித்தெழச் செய்தது. கடைகள் அடைபட்டன, வீதிகளில் டயர்கள் எரிந்தன, அம்மாதம் 20ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடமே கல்லெறிக்கு இலக்காகி, 100க்கும் மேற்பட்டோர் கைதாயினர். சந்தேகநபர்களுக்காக எந்தச் சட்டத்தரணியும் முன்னிலையாகக் கூடாதென்ற குரலும் அன்று பலமாக எழுந்தது.

அந்தக் கோபம் நியாயமானது. பெற்ற வயிறு எரிந்தபோது ஊர் எரியாதிருக்க முடியுமா? ஆனால், அவ்வேளை ஜனங்களின் கையில் அகப்பட்டிருந்தால் சந்தேகநபர்கள் ஒன்பது பேரும் ஒரே கதியை அடைந்திருப்பார்கள் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் ஆரம்பித்த அவ்வழக்கு, 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஜூரிகளின்றி மூன்று நீதிபதிகள் ஒருங்கே அமரும் 'ட்ரயல் அட் பார்' முறையில் விசாரிக்கப்பட்டது. நீதிபதிகள் சசிமகேந்திரன், பிரேமசங்கர், இளஞ்செழியன் ஆகியோர் அவ்வாண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பளித்தபோது, எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. முதலாம் எதிரியும் ஏழாம் எதிரியுமோ, குற்றம் நிரூபிக்கப்படவில்லையென்று விடுதலை செய்யப்பட்டனர். எழுவரின் தண்டனையைப் பேசியவர்கள் அநேகர். என் மனம் திரும்பத் திரும்பச் செல்வது அந்த இருவரிடமே. அத்தனை ஆவேசத்தின் நடுவிலும் ஒவ்வொருவனுக்கும் எதிரான சாட்சியத்தைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்து, நியாயமான சந்தேகம் எஞ்சிய இடத்தில் கையை விலக்கிக்கொண்டமை, அத்தீர்ப்பின் மற்றப் பகுதிக்கும் ஒரு மதிப்பைத் தருகின்றது. எனினும், இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட விளக்கமறியலை அவர்களுக்குத் திருப்பித் தருவார் யார்?

இவ்வாறு நிறுத்துப் பார்ப்பதற்குச் சட்டமே இடங்கொடாத வழக்குகளும் நம் நாட்டில் உண்டு. பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாகச் சாட்சியமாக்க இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அடியும் அச்சமும் எதையும் சொல்லவைக்கும் என்ற பழைய அனுபவமே அதன் காரணம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் காவலை அகற்றி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலை ஏற்கலாமென்றது. அது பலவந்தத்தாற் பெறப்பட்டதென நிரூபிக்கும் பாரத்தையும் எதிரியின் தலையிலேயே சுமத்தியது.

1993இல் கைதான நல்லரத்தினம் சிங்கராசா என்பவரின் கதி இவ்விதியால் விளைந்தது. தமிழ் மாத்திரமே நன்கறிந்த அவரிடம் பெறப்பட்ட ஒப்புதல் சிங்களத்தில் எழுதப்பட்டது. அவர் கைநாட்டு வைத்தார். வேறு சாட்சியமின்றி, அதனை நம்பி 1995இல் 50 வருடச் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அது 35 வருடமாயிற்று. இவ்விசாரணை நியாயமானதன்றென ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் முடிவு செய்தது; ஆனால், அக்குழுவிடம் முறையிட வழிசெய்த உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரணென்று உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தமையால், அம்முடிவு அவருக்குப் பயன்படாது போயிற்று.

இலங்கையில் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. கொடிய குற்றம் ஒன்று நிகழுந்தோறும் தூக்குமேடையைத் திரும்பக் கேட்பவர்கள், புங்குடுதீவின் அந்த இருவரையும் கைநாட்டு வைத்த சிங்கராசாவையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக எந்தச் சட்டம் இயற்றப்பட்டாலும், பொலிஸ் அதிகாரி பெற்ற ஒப்புதலைச் சாட்சியமாக்கும் விதி அதில் இடம்பெறாதிருக்க நாம் குரல்கொடுப்போம்; நாம் மிக வெறுக்கும் எதிரிக்காக ஒரு சட்டத்தரணி எழுந்து நிற்கும்போது, அவரைத் தூற்றாதிருப்போம்.