இணையம் நின்றாலும் பில் நிற்கக் கூடாது

கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் நம்மில் பலர். கல்லாவில் இரண்டு கணினி, கணக்கர் அறையில் ஒன்று, மாடியில் பிள்ளைகள் படிக்க ஒன்று என்று நாளடைவில் நான்கைந்து சேர்ந்துவிடுகின்றன. இவற்றை இணைப்பதில் நாங்கள் பட்டறிந்ததைச் சக வணிகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

தொடக்கத்தில் எங்கள் கடையில் எல்லாமே வைஃபை வழியாகத்தான் இணைந்திருந்தன. ஒரு தீபாவளிக்கு முந்தைய மாலை, கூட்டம் நெருக்கும் வேளையில் ரவுட்டர் பழுதாகி நின்றது. விலையும் சரக்கிருப்பும் கணக்கர் அறைக் கணினியில் பத்திரமாக இருந்தன. ஆனால் கல்லாக் கணினிகளால் அதை எட்ட முடியவில்லை. இரண்டு மணி நேரம் கையால் பில் எழுதினோம். காத்திருக்க முடியாமல் திரும்பிப் போன வாடிக்கையாளர்கள் எத்தனை பேரோ!

பிறகுதான் ஒன்று விளங்கியது. ரவுட்டர் என்பது இணையத்துக்குப் போகும் வாசல். ஸ்விட்ச் என்பது கடைக்குள் இருக்கும் கணினிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் பெட்டி. வீட்டுக்குள் பேசிக்கொள்ள வாசலுக்குப் போக வேண்டியதில்லை அல்லவா? ஆகவே கல்லாக் கணினிகள், கணக்கர் கணினி, பிரிண்டர் எல்லாவற்றையும் ஒயர் மூலம் ஸ்விட்சில் சேர்த்தோம். ஸ்விட்சிலிருந்து ஒரே ஒரு ஒயர் ரவுட்டருக்குப் போகிறது. மாடியில் உள்ள கணினிக்கும் கைப்பேசிகளுக்கும் மட்டும் வைஃபை.

கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. எண்ணை வழக்கமாக ரவுட்டரே வழங்குகிறது. கடைக் கணினிகளுக்கும் பிரிண்டருக்கும் இதை நிலையான எண்ணாக அமைத்துவிட வேண்டும். இல்லையேல் ரவுட்டர் நின்றபோது இவையும் தடுமாறும்.

2. கேட் 6 ஒயர் போதும். செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். ஓர் ஒயரின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

3. மாடிக்குப் பழைய ரவுட்டரைப் பயன்படுத்தினால், அது எண் வழங்குவதை நிறுத்திவிடுங்கள். ஒரே இணைப்பில் இருவர் எண் வழங்கினால் குழப்பமே.

4. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டி எட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு.

5. ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு உங்கள் ரவுட்டரில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் விருந்தினர் இணைப்பை மட்டும் கொடுங்கள். பேரேடு இருக்கும் இணைப்பை அன்று.

6. ஸ்விட்சும் கணக்கர் கணினியும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும்.

இணையம் நின்றால் யு.பி.ஐ. பணம் வந்ததா என்று பார்க்கக் கைப்பேசியின் சொந்த இணைப்பு கைகொடுக்கும். பில் போடுவது மட்டும் நிற்காது.

எல்லாம் முடிந்ததும், கடை விடுமுறை நாளில் ரவுட்டரை அணைத்துவிட்டு, கணினிகளை மறுபடி இயக்கி ஒரு பில் போட்டுப் பாருங்கள். பில் வந்துவிட்டால், பண்டிகை நாளைக் கவலையின்றி எதிர்கொள்ளலாம்.